சாமியானா போட்ட சண்டைகள்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் இலைக்கட்டுக் கணக்குதான். பத்திரிகையில் போடுகிறவர்கள் பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது பிழையில்லை.

காவிரித் தண்ணீர் பாய்கிற இந்த ஜில்லாக்களில் சாமியானாவைவிடக் கோபக்காரர் ஒருவர் பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் நம் மண்ணும் மனிதர்களும் தாங்க மாட்டார்கள்.

அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கும். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் என்பதால் குடவாசல் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் சாமியானா. நேரில் மட்டும் 'அண்ணே'. எனக்கு வாழை இலை வியாபாரம். கல்யாண வீட்டில் பந்தல்காரரும் இலைக்காரனும் ஒரே நேரத்துக்குப் போய் நிற்போம். அப்படித்தான் பழக்கம். பழக்கம் என்றால், அவர் கத்துவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இலை எத்தனை கட்டு என்று கேட்டால்கூட விரலைக் காட்டுகிற ஆள் நான்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், பாயசத்தில் முந்திரி இல்லை என்று பெண்ணின் அப்பாவைப் பந்தி நடுவில் நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்பத்தில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சாமியானா நேராக வந்தார்.

"எந்திரிங்க."

"ஏன்?"

"சேரு என்னுது."

தாய்மாமன் எழுந்திருக்கவில்லை. சாமியானா நாற்காலியை உருவினார். பக்கத்து ஆள், அதற்குப் பக்கத்து ஆள் என்று அந்த வரிசை முழுக்க உருவிக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் நின்றுகொண்டு மோர்சாதம் சாப்பிட்டார்கள். இலை என்னுடையது. அதையும் உருவலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

இன்னொரு முறை ஐப்பசி மழையில் பந்தல் ஒழுகியபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. அதற்கும் திட்டினார். "இப்ப நின்னு என்னாத்துக்கு? சாதமெல்லாம் நனஞ்சாச்சு!"

இந்த மனிதர்தான் சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் சேர்ந்தார்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு குழு இருக்கிறது. இனி மருத்துவம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஒரு வேன், ஒரு நர்ஸ், எப்போதாவது வருகிற டாக்டர். மற்றபடி எல்லாம் ஊர் ஆட்கள். டெய்லர் இருப்பார், ரிட்டயர்டு வாத்தியார் இருப்பார். புண்ணைத் துடைப்பார்கள், தலைக்குக் குளிப்பாட்டுவார்கள், வீட்டுக்காரர்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். சாமியானா அதில் சேர்ந்தார் என்றதும் ஊரே சிரித்தது. "இப்பவே அட்ரஸ் பாத்து வச்சுக்கறாரு" என்றார்கள். "முன்னாடியே போயி எடம் அளந்துடலாம்ல" என்றார்கள்.

ஏன் சேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் நாற்காலி இறக்கும்போது அவராகவே சொன்னார். "டேய் தம்பி, நான் எத்தன சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டிருக்கேன். கம்பம் நடுறப்ப உள்ள எட்டிப் பாப்பேன். வலியில போனவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. வாயைக் கட்டி, நெத்தியில காசை வச்சு, மாலையைப் போட்டாலும் தெரியும். பாத்துப் பாத்து வயிறு எரியுது." சொல்லிவிட்டு, நாற்காலியைச் சரியாக அடுக்கவில்லை என்று என்னைத் திட்டினார்.

என் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முப்பது வருஷமாகச் சாகுபடி செய்தவர். பயிர், எரு, வாய்க்கால் தண்ணீர், இதைத் தவிர வேறு பேச்சு அவருக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்கு அழைச்சுட்டுப் போங்க. சாப்பிட ஆசைப்படுறதைக் குடுங்க" என்றார். வலிக்கு என்ன கொடுப்பது என்று நான் மெல்லக் கேட்டேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆசைப்பட்டதைத் தின்ன ஒரு மனிதனுக்கு வலி இல்லாமல் இருக்க வேண்டாமா?

யாரோ சொல்லி, குழுவின் வேன் எங்கள் வீட்டுக்கு வந்தது. நர்ஸ் சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இறங்குவதற்குள், முன்சீட்டிலிருந்து சாமியானா இறங்கிவிட்டார். இறங்கியவர் வாசலில் நின்று வீட்டின் அகலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். தொழில் பழக்கம். வேண்டுமென்று செய்யவில்லை.

உள்ளேயிருந்து வந்த அண்ணி பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ! அளவெடுக்க வந்துட்டானே பாவி! என் வூட்டுக்காரரு உசுரோட இருக்காருடா!"

தெருவே கூடிவிட்டது. சாமியானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எங்கம்மா அளந்தேன்? கையில டேப்பு இருக்கா? பாரு, டேப்பு இருக்கா?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக் கத்தினார். சிஸ்டர் நடுவில் புகுந்து, "அம்மா, இவரு எங்க ஆளும்மா. வாலண்டியரு" என்று சொல்லிப் பார்த்தார். யாருக்கும் காதில் விழவில்லை.

அப்போது உள்ளே கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"யாரு, சாமியானாவா? அட்வான்ஸ் வாங்கிக்கிட்டுப் போறியா, இல்ல மொத்தமா முடிஞ்சப்புறம் வாங்கிக்கிறியா?"

அண்ணன் சிரித்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. தனக்கு என்ன நோய், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது என்பதும் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம்.

சிஸ்டர் உட்கார்ந்து எல்லாம் கேட்டார். குழுவின் டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையை, எந்தெந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தார். வலி வந்தபிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்னால் கொடுப்பது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு நாளில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பழைய சோறும் நார்த்தங்காயும் கேட்டுச் சாப்பிட்டார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகிறதா என்று என்னை அதட்டினார். வயலை அவருக்குப் பதிலாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி அடங்கியதும் அடுத்த தொல்லை தொடங்கியது. பார்க்க வருகிறவர்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் படுத்துவிட்டால் ஊர் ஊராக ஆள் வரும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள். அண்ணனால் அதில் ஒன்றையும் சாப்பிட முடியாது. வருகிறவர்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதே நோயில் செத்துப்போன தங்கள் ஊர் ஆட்களின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். அண்ணி அவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு இடுப்பொடிந்து போனாள்.

எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சின்னம்மா இருந்தாள். அண்ணன் முகத்துக்கு நேராகவே, "எங்க வூட்டுக்கு மூணாவது வூட்டுக்காரருக்கும் இதேதான். கடசியில எலும்பா போயி, பாக்கவே சகிக்கல" என்று ஆரம்பித்தாள். மூலையில் உட்கார்ந்து அண்ணனின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த சாமியானா எழுந்தார்.

"ஏம்மா, நீ பாக்க வந்தியா, பயமுறுத்த வந்தியா?"

"நான் என்னாத்த சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் சொல்லாத. கொல்லையில தொட்டி பக்கம் துணி ஊறிக்கிட்டு கெடக்கு. அலசிப் போட்டுட்டு வா. அப்புறமா உக்காந்து அழுவு."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். பார்க்க வருகிறவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஹார்லிக்ஸோடு வந்தவரிடம் குடத்தைக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பினார். திருப்பனந்தாளிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த ஒருவரை முருங்கைக்கீரை ஆய வைத்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்த ஒருவரைப் படுக்கை விரிப்பு மாற்றக் கைப்பிடிக்கச் சொன்னார். முடியாதவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். "ஓசியில சாவு பாக்க வர்றானுங்க" என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

கூட்டம் பாதியாகக் குறைந்தது. சொந்தக்காரர்கள் பலர் எங்களோடு பேச்சுவார்த்தை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் மிச்சம் வந்தவர்கள் தினமும் வந்தார்கள். மளிகைக்கடை பாய் கடையைத் திறப்பதற்கு முன்னால் வந்து, அண்ணனுக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போவார். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வார் அண்ணன். பக்கத்து வீட்டுப் பெண் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். அண்ணி பல நாளைக்குப் பிறகு மத்தியானத்தில் படுத்துத் தூங்கினாள்.

இப்படி இருந்தபோதுதான் மெட்ராஸ் மச்சான் வந்தார்.

அண்ணியின் மூத்த அண்ணன். ஏதோ சர்க்கார் ஆபீசில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த அன்று சாயங்காலமே மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துப் பெயரைப் படித்தார். செல்போனில் யாரிடமோ பேசினார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"இது என்ன தெரியுமா உனக்கு? போதை மருந்து. அபின்லேர்ந்து எடுக்கறது. இதைக் குடுத்து மனுஷனை மயக்கத்துலயே வச்சிருக்காங்க. பழகிட்டா விட முடியாது."

டப்பா அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. அண்ணிக்குத் தன் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எனக்கு யாரையுமே எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நான் பக்கத்தில் போய், "மச்சான், அது வலிக்கு..." என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

விடிவதற்குள் அண்ணனுக்கு வலி வந்துவிட்டது. அதை நான் எழுத மாட்டேன். வெட்டுப்பட்ட மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் என்று மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷம் சேற்றில் நின்ற மனிதர் விரலைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மச்சான் கூடத்தில் நடந்தபடி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க மாப்ள, மனசைத் திடப்படுத்திக்குங்க" என்றார். யாருடைய வலியை யார் பொறுத்துக்கொள்ளச் சொல்வது?

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியானாவின் குடோனுக்குப் போனேன். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன. நாற்காலிகளை லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவாங்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தார். அவ்வளவுதான். சிஸ்டருக்குப் போன் போட்டுவிட்டு, லோடை அப்படியே விட்டுவிட்டு, என்னைப் பின்னால் உட்கார வைத்து மொபெட்டை விரட்டினார். வழியெல்லாம் மச்சானைத் திட்டினார். காற்றில் பாதிதான் என் காதில் விழுந்தது. விழுந்ததில் ஒன்றையும் இங்கே எழுத முடியாது.

நாங்கள் வருவதற்குள் வீட்டில் வேறொரு கூத்து நடந்து முடிந்திருந்தது. அண்ணன் இப்படித் துடிப்பதைப் பார்த்த சின்னம்மா, உயிர் பிரிய முடியாமல் அலைகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். இப்படிக் கிடப்பவர்களுக்கு எதன் மேலோ ஆசை மிச்சம் இருக்கும், அதைக் கரைத்து ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணி பிறகு எனக்குச் சொன்னாள், அதில் நடந்த விவாதத்தை.

"அவனுக்கு மண்ணாசை. வயல் மண்ணைக் கரச்சு ஊத்துனா போயிடும்" என்றாளாம் சின்னம்மா.

"அவுருக்கு ஏது மண்ணு? கோயில் நெலம்தானே, குத்தகைதானே" என்றாராம் ஒரு பங்காளி.

"குத்தகைன்னா ஆசை இருக்காதா?"

"ஆசை இருக்கும். ஆனா பட்டா இல்லியே. அடுத்தவன் மண்ணைக் கரச்சு ஊத்துனா கேக்குமா?"

கடைசியில் மச்சானிடம் கேட்டிருக்கிறார்கள். சர்க்காரில் இருந்தவராயிற்றே. அவர் யோசித்து, "முப்பது வருஷ அனுபவ பாத்தியதை இருக்கில்ல. அது போதும்" என்று தீர்ப்புச் சொன்னாராம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது சின்னம்மா கையில் டம்ளரும் கரண்டியும் இருந்தன. "கீழத்தாக்கு மண்ணு. நானே போயி அள்ளியாந்தேன்" என்று பெருமையாகச் சொன்னாள்.

அந்தக் கீழ்ப்பக்கத்து வயலில் முந்தாநாள்தான் நான் களைக்கொல்லி அடித்திருந்தேன். "சின்னம்மா, அதுல..." என்றேன். யாரும் திரும்பவில்லை. "அதுல மருந்து..." என்றேன். அண்ணன் முனகலில் அதுவும் போயிற்று.

சாமியானா கட்டிலருகே உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அலமாரியைப் பார்த்தார். "மாத்திரை டப்பா எங்கம்மா?" அண்ணி வாயைத் திறக்காமல் கண்ணால் வாசலைக் காட்டினாள். மச்சான் அங்கே தென்னை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

அதே நேரம் சாமியானாவின் போன் அடித்தது.

"ஹலோ."

"பந்தல் போடறவங்களா? பஸ் ஸ்டாண்டு போர்டுல நம்பர் பாத்தேன்."

குரல் போனிலும் வந்தது. சன்னல் வழியாகவும் வந்தது. சாமியானா சன்னலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லுங்க சார்."

"ஒரு சாவுக்குப் பந்தல் வேணும். நூறு சேர்."

"அடடா. யாரு சார் தவறுனது?"

"இன்னும் இல்ல."

"ம்?"

"இன்னிக்கோ நாளைக்கோதான். முகூர்த்த நாளா இருக்கே, அப்புறம் சேர் கெடைக்காதுன்னு சொன்னாங்க. அதான் முன்கூட்டியே சொல்லி வச்சிடலாம்னு."

"ரொம்ப நல்லது சார். பொறுப்பான ஆளு. வூடு எங்க?"

மச்சான் வாய்க்கால் பாலத்திலிருந்து வழி சொல்ல ஆரம்பித்தார். சாமியானா போனைக் காதில் வைத்தபடியே எழுந்து, கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, "ம்... ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்து, மச்சானின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"...தென்னமரம் இருக்கும். அந்த வீடுதான்."

"வந்துட்டேன் சார்."

மச்சான் திரும்பினார். வேனில் வருகிற ஆள் என்று மட்டுமே சாமியானாவைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"நீயா பந்தல்காரன்?"

"நான்தான். மாத்திரையை எடு."

"அது போதை மருந்துய்யா. பழக்கமாயிடும்."

"ஆவட்டும்! பழக்கமாயி என்ன பண்ணுவாரு? பஸ் ஸ்டாண்டுல உருண்டு கெடப்பாரா? பொண்டாட்டி தாலிய அறுத்துக்கிட்டு ஓடுவாரா? சாவுக்கு நூறு சேரு சொல்லத் தெரியுது. வலிக்கு ஒரு மாத்திரை குடுக்கத் தெரியலையா உனக்கு?"

"மரியாதையா பேசு. நீ என்ன டாக்டரா?"

"நான் டாக்டரு இல்லய்யா. பந்தல்காரன். அதான் சொல்றேன், இந்த வூட்டுல இன்னும் பந்தலுக்கு வேலை வரல!"

தெரு முழுக்க வாசலில். எல்லோரும் வெளியே சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இதுதான் சமயம் என்று சின்னம்மா கரண்டியை அண்ணன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவருக்கு மறுக்கத் தெம்பு இல்லை. வலியில் வாய் தானாகவே திறந்திருந்தது.

"சின்னம்மா! அது களைக்கொல்லி அடிச்ச மண்ணு!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். கரண்டி தரையில் விழுந்து உருண்டது. வாசல் சண்டை நின்றது. மாட்டுக்கொட்டகையில் பசு எழுந்து நின்றுகொண்டது. தொடங்கிவிட்டதால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நேராக வாசலுக்குப் போய் மச்சான் முன்னால் கையை நீட்டினேன்.

"மாத்திரையைக் குடுங்க! எங்க அண்ணனுக்கு வலிக்குது! குடுங்கன்னா குடுங்க!"

மச்சான் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். பயத்தில்தான். அதுவரை அவர் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

சிஸ்டர் அதற்குள் வந்துவிட்டார். மாத்திரை கொடுத்தார். அதற்கும் அடங்காத வலிக்கு டாக்டரிடம் போனில் கேட்டு ஊசியும் போட்டார். மச்சானைத் தனியே அழைத்துப் போய் நெடுநேரம் பேசினார். சிஸ்டருக்குக் கோபமே வராது. அது எப்படி என்று எனக்குப் புரிவதில்லை. திரும்பி வந்த மச்சானின் கண் கலங்கியிருந்தது. "நல்லதுக்குன்னு நெனச்சேன்" என்றார். நினைத்திருப்பார். நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டுதான் நம் ஊரில் இத்தனை பேரை வலியில் துடிக்க விடுகிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனின் விரல்கள் தளர்ந்தன. முகம் இளகியது. கண்ணைத் திறந்து முதலில் சின்னம்மாவைத்தான் தேடினார்.

"என்ன சின்னம்மா, என்னையும் களைன்னு நெனச்சிட்டியா?"

சின்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் சாமியானா பக்கம் திரும்பினார்.

"யாருக்குய்யா பந்தல் சொன்னாங்க?"

மச்சான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியானாவுக்கே பேச்சு வரவில்லை. அதையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எனக்குத்தானே? போடு. செத்தப்புறம் நான் எங்க பாக்கப்போறேன்? இந்த ரூமுல வேகுது. வெளிய கட்டிலைப் போட்டா காத்து வரும்."

மறுநாள் சாமியானா பந்தல் போட்டார். கல்யாணத்துக்குப் போடுகிற மஞ்சள் துணி. நாற்காலி அத்தனையும் முகூர்த்தத்துக்குப் போயிருந்ததால், தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அண்ணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தோம். கட்டிலின் ஒரு காலை மச்சான் பிடித்துக்கொண்டார். அண்ணன் மேலே பார்த்தார்.

"துணியில ஓட்டை இருக்கேய்யா."

"ஓட்டை இல்லய்யா, காத்துக்கு வழி! ஓசிப் பந்தலுக்குக் கொற வேற!"

முகூர்த்தங்கள் முடிந்து ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம். "எனக்கு இந்த மாசம் வேலை இல்ல, கெடக்கட்டும்" என்று பந்தலைப் பிரிக்காமல் விட்டுவிட்டார் சாமியானா. அண்ணன் அதன் அடியிலேயே இருந்தார். அங்கிருந்து பார்த்தால் வாய்க்காலும் மேலத்தாக்கின் ஒரு மூலையும் தெரியும். குறுவைப் பயிரைப் பார்த்துக்கொண்டே என்னை வேலை வாங்கினார். மாத்திரை நேரம் தவறவில்லை. மச்சான் மெட்ராஸுக்குத் திரும்பவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் விசிறியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். "வேகமா வீசாத, தூக்கம் கலஞ்சிடும்" என்று சாமியானா அவரையும் திட்டுவார். அவர் மெதுவாக வீசுவார்.

ஒருநாள் காலையில் அண்ணி முகம் துடைத்துவிட்டு, கஞ்சி கொண்டுவர உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது அண்ணன் தூங்குகிற மாதிரியே போயிருந்தார். ஒரு முனகல் இல்லை.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் "நல்ல சாவு, குடுத்து வச்ச மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சாமியானாவுக்குப் பொறுக்கவில்லை. "குடுத்து வச்சாரா? யாரு குடுத்து வச்சா? சண்டை போட்டு வாங்குனதுய்யா! அந்தம்மா அலாரம் வச்சு எழுந்து மாத்திரை குடுத்துச்சு. இவன் தொண்ட கிழியக் கத்துனான். சும்மா வருமா நல்ல சாவு?" என்று கத்தினார். சாவு வீட்டில் கத்துகிறாரே என்று யாரோ முகம் சுளித்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை உருவாமல் விட்டார். அதுதான் அன்றைக்கு அவர் அண்ணனுக்குச் செய்த மரியாதை என்று நினைக்கிறேன்.

வருஷம் ஒன்று ஆன பிறகு இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் சிஸ்டர், சாமியானாவின் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு, "அண்ணே, இனிமே நீங்க கோவமே படக்கூடாது" என்றார். அதற்கு அவர் போட்ட சத்தத்தில் சிஸ்டர் இன்னொரு தடவை பார்க்க வேண்டியதாயிற்று.

எனக்கு அன்றிலிருந்து ஒரே யோசனை. அவருக்கும் வயதாகிறது. அவரும் ஒருநாள் படுப்பார். அவர் வீட்டுக்கும் சின்னம்மாக்களும் மச்சான்களும் ஹார்லிக்ஸும் வரும். அப்போது வாசலில் நின்று கத்த ஒரு ஆள் வேண்டும். அதனால் தினமும் காலையில் இலை அறுக்கப் போகும்போது, வாழைக்கொல்லையில் யாரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கத்திப் பழகிவருகிறேன். இன்றைக்குக் கத்தியதில் படுகையிலிருந்து கொக்கெல்லாம் எழும்பிப் பறந்துவிட்டன. அவர் கேட்டிருந்தால், இது பத்தாதுடா என்று திட்டியிருப்பார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், மத்தியானம்.